அன்னதானத்துக்கு முன்னால் கழுவு தண்ணீர்

கேள்வி: கோப்பாய்ப் பக்கம் வாகன சேர்விஸ் நிலையம் நடத்துகிறேன். ஐந்து பெடியள் வேலை. இந்த வருட லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவிட விருப்பம். திருவிழா அன்னதானமா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலா? பக்கத்து வீட்டு ஐயா தன் கிணற்றில் ஒயில் மணக்கிறது என்று முறைப்பட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் ஏதாவது கொடுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: காசு கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். முதலில் அவருடைய கிணற்றடிக்குப் போங்கள். தண்ணீரில் படலம் மிதந்தால் குச்சியால் கீறிப் பாருங்கள். ஓடு உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், பெரும்பாலும் தண்ணீரிலுள்ள இரும்பில் வளரும் பக்டீரியா. கீறின இடம் உடனே மூடிக்கொண்டால் ஒயில் என்று சந்தேகிக்கலாம். அதுவும் உங்களுடையதுதான் என்று சொல்ல முடியாது. தோட்டத்து மண்ணெண்ணெய் இயந்திரமும் சிந்தும். ஆகவே தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எண்ணெய், கிரீஸ் அளவைப் பாருங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும், அறிக்கையின் பிரதி அவருக்கும் போகட்டும். ஒயில் உறுதியானால் உங்கள் கழுவுமிடத்தை நிறுத்திவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் கொடுப்பது அயலவர் மரியாதை.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். சுன்னாகம் கிணறுகளில் ஒயில் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. அது சிறிய நிலையத்துக்கும் பொருந்தும்.

சரி, உங்கள் இடத்தில் என்ன செய்யலாம்? கழுவு தண்ணீர் நிலத்துக்குள் ஊறும் குழிக்குப் போகிறதென்றால் அந்தக் குழியை இன்றே மூடுங்கள். கொங்கிறீட் தளம் போட்டு, மூன்று அறைத் தொட்டி கட்டுங்கள். முதல் அறையில் மணலும் சேறும் தங்கும், இரண்டாவதில் ஒயில் மேலே மிதக்கும். அடுத்த அறைக்குப் போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் தாழ இறங்கியிருக்க வேண்டும்; மேலே வைத்தால் ஒயில் முதலில் போய்விடும். பலர் பிழை விடுவது இங்கேதான். கட்டியது போதாது, மிதப்பதை ஒழுங்காக அள்ள வேண்டும். சோப்பு அதிகம் போட்டால் ஒயில் தண்ணீரோடு கரைந்து தொட்டியை ஏமாற்றிவிடும்.

பழைய ஒயிலை வேலிக் கதியாலுக்குக் கறையான் மருந்தென்று கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், அதுவும் மழையோடு கிணற்றுக்குத்தான் போகும். பரலில் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்திலோ பிரதேச சபையிலோ விசாரியுங்கள்.

அப்புறம் அந்த ஐந்து பெடியள். ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். சம்பளத்தில் 8 வீதம் அவர்களுடையது. அதற்கு மேல் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்) 3 வீதமும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். “அண்ணை, பிடிக்காதேங்கோ” என்று அவர்களே சொன்னாலும் சட்டம் விடாது.

இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் புலமைப்பரிசிலுக்கே கொடுங்கள். அன்னதானத்துக்கு நம் ஊரில் உபயகாரர் குறைவில்லை.