பட்டம் வாங்கும் முன் விலகல் கடிதம் வேண்டாம்

அமெரிக்காவின் ப்ரோவோவில், மார்மன் சபை நடத்தும் ப்ரிகாம் யங் பல்கலையில் கடைசி ஆண்டு. மார்மன் நம்பிக்கை போய்விட்டது, தங்கை கல்யாணம் நெருங்குகிறது, இப்போதே சபையிலிருந்து விலகிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். சபையிலிருந்து முறைப்படி விலகினால் பல்கலையில் படிக்க உங்கள் பிஷப் (உள்ளூர் சபைத் தலைவர்) தரும் ஒப்புதல் தானாகவே ரத்தாகும். அது இல்லாமல் படிப்பைத் தொடர முடியாது. முதலில் பட்டம், பிறகு கடிதம். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உங்கள் ஃபீஸைக் கட்டப் போவதில்லை.

கல்யாணம்தான் சிக்கல். அது நடக்கும் மார்மன் கோயிலுக்குள் போக ரெக்கமெண்ட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கான நேர்காணலில் முதல் கேள்வியே கடவுள் நம்பிக்கை பற்றியது, அடுத்தடுத்து இயேசுவின் சுவிசேஷம் மீட்கப்பட்டதை நம்புகிறீர்களா என்றும் வரும். பொய் சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தால் அந்த உறுத்தல் தங்கையின் கல்யாண நாளோடு ஒட்டிக்கொள்ளும். அவளிடம் முன்கூட்டியே, தனியாகச் சொல்லுங்கள். 2019 முதல் வெளியே சிவில் கல்யாணம் செய்துகொண்டு, ஓராண்டு காத்திராமல் கோயிலில் முத்திரைச் சடங்கு (தம்பதியை மறுமைக்கும் இணைப்பது) செய்யலாம். அவளுக்குச் சம்மதமென்றால் அந்த சிவில் கல்யாணத்தில் நீங்களும் பக்கத்தில் நிற்கலாம். கேட்டுப் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம்.

அம்மாவிடம் வரலாற்று வாதத்தைத் தொடங்காதீர்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் பல மனைவியரைப் பற்றி 2014-ல் சபையே தன் இணையதளத்தில் கட்டுரை போட்டது உண்மைதான். ஆனால் அம்மாவுக்குப் பயம், மறுமையில் குடும்பம் பிரிந்துவிடுமே என்பது. "நான் எங்கேயும் போகவில்லை, ஞாயிறு சாப்பாட்டுக்கு வருவேன்" என்று முதலில் சொல்லுங்கள். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), மிஷன் (மதப் பிரச்சார ஊழியம்) பேச்செல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.