பாரிஸ் மரே ஏரியா பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, மேப்ல மரே பக்கம் எங்க பாத்தாலும் ஹோட்டல்னு காட்டுதே, அவ்ளோ லாட்ஜா அங்க?

லாட்ஜ் இல்ல தம்பி. பிரபுக்கள் பாரிஸ்ல வச்சிருந்த தனி மாளிகைக்கு பிரெஞ்சுல 'ஒத்தெல்'னுதான் பேரு. தெருவுல நின்னா உசரமான மதிலும் ஒரு பெரிய மரக்கதவும் மட்டும்தான் தெரியும், உள்ள போனா குதிரை வண்டி திரும்புற அளவுக்கு கல்லு பாவின முற்றம், அதத் தாண்டி வீடு, வீட்டுக்குப் பின்னாடி தோட்டம். 1625ல ஆரம்பிச்ச ஒத்தெல் தெ சுல்லிக்கு கண்டிப்பா போங்க, தோட்டத்து மூலைல ஒரு சின்ன கதவு இருக்கும், அதுல நுழைஞ்சா நேரா பிளாஸ் தே வோஷ் சதுக்கத்துல நிப்பீங்க.

கேள்வி: மரேன்னா சதுப்பு நிலமாமே, பணக்காரங்க ஏன் அங்க குடி போனாங்க?

ஆமா, சதுப்பு நிலம்தான், தண்ணிய வடிச்சு காய்கறித் தோட்டமாக்குனாங்க. பெரிய மனுஷங்கள இழுத்தது அந்த சதுக்கம்தான். முன்னாடி அங்க ஒரு அரண்மனை இருந்துச்சு, 1559ல பக்கத்துத் தெருவுல நடந்த ஈட்டிப் போட்டில ரெண்டாம் ஹென்றி ராஜாவுக்கு கண்ணுல அடிபட்டு அந்த அரண்மனைலயே செத்துப்போனார், அவர் மனைவி கத்தரின் அத இடிக்கச் சொல்லிட்டாங்க. நாலாம் ஹென்றி 1605ல அதே இடத்துல சதுக்கம் கட்ட ஆரம்பிச்சார், 1612ல திறப்பு விழா. நாலு பக்கமும் சேத்து 36 வீடு, ஒரே மாதிரி செங்கல், வெள்ளைக் கல்லு, ஸ்லேட் கூரை, கீழ வளைவு வச்ச நடை.

கேள்வி: அந்த செங்கல் எல்லாம் ஒரிஜினலா?

எல்லாம் இல்ல. சில வீட்டுல சுவர்ல காரை பூசி செங்கல் மாதிரி கோடு போட்டு பெயின்ட் அடிச்சிருக்காங்க, கிட்டப் போய் பாத்தாதான் பிடிபடும்.

கேள்வி: பிரபுக்கள் எப்ப கிளம்புனாங்க மேடம்?

1682ல பதினாலாம் லூயி அரசவையவே வெர்சாய்க்கு மாத்திட்டார், அப்புறம் பெரிய குடும்பங்க கொஞ்சம் கொஞ்சமா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற சேன் ஜெர்மன் ஏரியாவுக்கு நகந்துட்டாங்க. புரட்சிக்கு அப்புறம் மாளிகை எல்லாம் பட்டறை, குடோன், ஒண்டுக்குடித்தனம்னு ஆச்சு, முற்றத்துலயே ஷெட் போட்டாங்க. 1962ல பழைய கட்டடப் பகுதிகள பாதுகாக்குற மால்ரோ சட்டம் வந்துதான் இடிக்கிறது நின்னுச்சு. கட்டடம் பிழைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஆனா வாடகை ஏறி அந்தப் பட்டறைக்காரங்க வெளிய போனது இன்னும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

கேள்வி: அரை நாள்தான் டைம் இருக்கு, எத பாக்க?

சுல்லி பாத்துட்டு ஒத்தெல் சலே போங்க. சலேன்னா உப்புக் கரிக்கிறதுன்னு அர்த்தம், உப்பு வரி வசூல் பண்ணவர் கட்டுன வீடு அது. 1985ல இருந்து பிக்காசோ மியூசியம். மாடிப்படிய விட்றாதீங்க.