பெண்களுக்குத் திரையில் எவ்வளவு இடம்?

கேள்வி: பெக்டெல் சோதனையில் தேறினால், அது பெண்களுக்கு உரிய இடம் தந்த படம் என்று கொள்ளலாமா? வேறு எப்படி அளப்பது?

பதில்: கொள்ள முடியாது. 1985-இல் அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் தன் படக்கதையில் வைத்த விதி அது: இரண்டு பெண்களாவது வேண்டும், அவர்கள் தமக்குள் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ஒரே உரையாடலில்கூடப் படம் தேறிவிடும். ஆனால் ‘கிராவிட்டி’ (2013) ஏறக்குறைய முழுவதும் ஒரு பெண்ணின் தோளில் நிற்கும் படம், அது தேறாது. நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தச் சோதனை உதவும்.

ஒரு படத்தை அளக்க வசனத்தை எண்ணுங்கள். சப்டைட்டில் கோப்பில் பேசுபவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. படத்தை ஓடவிட்டு வரிக்கு வரி நீங்களே குறிக்க வேண்டும். வரிகளை அல்ல, சொற்களை எண்ணுங்கள்; “சரிங்க” என்பதும் ஒரு வரிதான். திரையில் தோன்றும் நேரத்தை அளக்கும்போது பாடல்களைத் தனியே வையுங்கள், இல்லையென்றால் பாட்டுக்கு மட்டும் வரும் நாயகியின் நிமிடங்கள் கணக்கை ஊதிவிடும். இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுவது அவசியம். கூட்டத்தில் ஒரு வரி பேசுபவரைச் சேர்ப்பதா என்று முன்பே முடிவெடுக்காவிட்டால் இருவர் எண்ணிக்கையும் பொருந்தாது.