மறுமொழி: ஒப்பரேஷனுக்குப் பிறகு தூக்கினாலே அழுகிற மகன்

தங்கச்சி, இருதய ஓட்டை அடைச்சு வீட்ட வந்து பத்து நாள், தூக்கினாலே மகன் வீரிட்டு அழுகிறான், பாலும் குறைவு எண்டு மல்லாவியில இருந்து எழுதியிருந்தீங்கள். நாங்கள் கிளிநொச்சி. என்ர மகளுக்கும் ஐஞ்சு மாதத்தில இதே ஒப்பரேஷன்தான்.

கக்கத்துக்குள்ள கை குடுத்தோ தூக்கிறீங்கள்? அதை முதல் நிப்பாட்டுங்கோ. வெட்டின நெஞ்செலும்பு பொருந்த 6 தொடக்கம் 8 கிழமை வேணும். ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் கீழ, மற்றது குண்டிக்குக் கீழ. அப்பிடி அள்ளித்தான் தூக்கவேணும். பிள்ளை பாக்க வாற சனத்துக்கும் சொல்லுங்கோ. என்ர மாமி கோவிச்சவ, நான் விடேல்லை.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுத்துப் பாருங்கோ. எண்டாலும் குடி குறைஞ்சதை நாளைக்கே கிளினிக்கில சொல்லுங்கோ. மருந்தை நீங்களா கூட்டிக் குறைக்க வேண்டாம். காய்ச்சல், காயம் சிவந்து நீர் வடியிறது, மூச்சு இழுக்கிறது, உதடு நீலமாகிறது, இதில ஒண்டைக் கண்டாலும் விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கோ, அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆஸ்பத்திரியால வரேக்க வருத்த விபரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்ட்டையும் கையோட கொண்டுபோங்கோ.

இரவிரவா முழிச்சிருந்து மூச்சை எண்ணுறன் எண்டு எழுதினதை வாசிக்க அழுகை வந்திட்டுது. நானும் அப்பிடித்தான் இருந்தனான். ஒரு இரவெண்டாலும் அம்மாட்டப் பிள்ளையை விட்டிட்டுப் படுங்கோ. தூக்கிற விதம் மாத்தின பிறகு அழுகை குறையுதோ எண்டு ஒருக்கா எழுதிவிடுங்கோ, பாத்துக்கொண்டிருப்பன்.