கேளுங்கள், சொல்கிறேன்: நியூரோசயின்ஸ் மைனர், பேத்தை மீன், இன்னும் சில

கல்லூரிச் சேர்க்கை நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் நியூரோசயின்ஸ், அதாவது மூளை, நரம்பு பற்றிய படிப்பைப் பற்றியவை அதிகம், அதுவும் நம் கடற்கரைப் பக்கத்திலிருந்து. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வெளியூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. சைக்காலஜி கிடைத்திருக்கிறது. கூடவே நியூரோசயின்ஸை மைனராக எடுக்கலாம் என்கிறார்கள். அப்பா வல்லத்தில் கடலுக்குப் போகிறவர், “ரெண்டு படிப்பா, அப்ப ரெண்டு ஃபீஸா?” என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. மைனர் என்றால் என்ன, அதனால் வேலை கிடைக்குமா?
- ஒரு மாணவி, பாம்பன்

பதில்: அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடும்மா, பட்டம் ஒன்றுதான். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் கட்டமைப்பின்படி மூன்று வருடப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட், அதில் மேஜர் என்கிற முக்கியப் பாடத்துக்கு 60, மைனர் என்கிற துணைப் பாடத்துக்கு 24. நான்கு வருடம் படித்தால் 160, அதில் 80, 32. அதாவது நாலு கிரெடிட் பேப்பராகப் பார்த்தால் மைனர் என்பது ஆறு பேப்பர், அவ்வளவுதான். நம் மாவட்டக் கலைக் கல்லூரிகளில் அல்லைடு என்று படிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான், ஆனால் எதை எடுப்பது என்று நீயே தேர்ந்தெடுக்கலாம். ஃபீஸ் விஷயத்தில் மட்டும் அப்பா கேட்டது சரியான கேள்வி. மைனருக்குத் தனியாகக் கட்டணம் உண்டா, லேப் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதே.

இனி விஷயத்துக்கு வருவோம். மூளையைப் பற்றிய படிப்பு ஏன் ஒரே டிபார்ட்மென்டுக்குள் அடங்காது என்பதற்கு உங்கள் ஊர்க் கரையில் கம்பெனிக்கு எடை போட்டுக் கொடுக்கிறார்களே, அந்தக் கணவாயே போதும். கணவாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்பக்கமாகப் பாய்வதை அப்பா எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அந்தப் பாய்ச்சலுக்கான கட்டளையை உடம்புத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்பிழை அரை மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேலே தடிமன் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். நம் உடம்பில் உள்ள நரம்பிழைகள் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். 1936-ல் ஜே. இசட். யங் என்ற விலங்கியல்காரர் இதன் அருமையை எடுத்துச் சொன்னார். 1939-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு உடலியங்கியல்காரர்கள் இங்கிலாந்தின் பிளைமவுத் கடலாய்வுக் கூடத்தில் அந்த இழைக்குள்ளேயே மின்முனையைச் செருகி, நரம்புச் செய்தி ஓடும்போது மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். நடுவில் யுத்தம் வந்து எல்லாம் நின்றுபோய், 1952-ல்தான் சோடியமும் பொட்டாசியமும் உள்ளே வெளியே போவதைச் சமன்பாடாக எழுதி முடித்தார்கள். அந்தச் சமன்பாட்டுக்கு விடை காணப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அப்போது கைகொடுக்காததால் ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற கணக்கு மெஷினில் உட்கார்ந்து போட்டார். 1963-ல் நோபல். ஐரோப்பாவில் பிடித்த அந்தக் கணவாயும் நம் ஊசிக்கணவாயும் ஒரே குடும்பம்.

இதில் விலங்கியல், மின்னியல், வேதியியல், கணக்கு எல்லாம் இருப்பதைக் கவனித்திருப்பாய். ஆனால் வந்தவர் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு கைத்தொழில் பலமாக இருந்தது. அதனால்தான் மைனர் எடுக்கிற பிள்ளைகளிடம் மேஜரைப் பிடிவாதமாகப் படிக்கச் சொல்கிறேன். சைக்காலஜியில் புள்ளியியல் பேப்பர் வரும், நிறையப் பேர் அதற்குப் பயந்து பாஸானால் போதும் என்று விட்டுவிடுவார்கள். நீ அதை விடாதே, கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கொஞ்சம் கற்றுக்கொள். மூளை அலைகளைப் பதிவு செய்கிற ஆய்வகமோ மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவோ உதவியாளர் எடுக்கும்போது அந்தத் தரவைப் பிரித்துப் பார்க்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். மைனர் சர்டிபிகேட்டை மட்டும் வைத்து வேலை கிடைக்காது. கிடைக்கும் என்று எந்த அட்மிஷன் கவுன்சிலராவது சொன்னால் போனை வைத்துவிடு.

சேருவதற்கு முன் அந்த ஆறு பேப்பரின் சிலபஸை வாங்கிப் பார். எல்லாமே தியரியாக இருந்தால், அல்லது நடத்துவது யார் என்ற கேள்விக்கு “கெஸ்ட் ஃபேகல்டி வருவாங்க” என்று இழுத்தால் யோசி. மார்க் ஷீட்டில் மைனர் என்று அச்சாகி வருமா என்பதையும் கேட்டுக்கொள்.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மகன் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். டேட்டா சயின்ஸ் மைனர் எடுக்கச் சொன்னால் நியூரோசயின்ஸ் எடுக்கிறேன் என்கிறான். நேரத்தை வீணடிக்கிறானோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தந்தை, கீழக்கரை

பதில்: பயப்பட வேண்டியதில்லை, பாய். இன்று எல்லோரும் ஏ.ஐ. ஏ.ஐ. என்கிறார்களே, அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1943-ல் மெக்கலக் என்ற நரம்பியல்காரரும் பிட்ஸ் என்ற தர்க்கவியல் கெட்டிக்கார இளைஞரும் சேர்ந்து நரம்பணுவைக் கணக்காக எழுதியதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. பூனையின் மூளையில் பார்வையைக் கவனிக்கிற பகுதியை ஹூபெல், வீசல் இருவரும் ஆராய்ந்ததற்கு 1981-ல் நோபல்; படத்தை அடையாளம் காணுகிற இன்றைய மென்பொருள் வலைகளுக்கு அந்த ஆராய்ச்சிதான் தூண்டுதல். 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் முதல் பட்டமாகப் படித்தது பரிசோதனை உளவியல். டேட்டா சயின்ஸில் பாதியை உங்கள் மகன் மேஜரிலேயே எப்படியும் படித்துவிடுவார், மூளையைப் பற்றி அங்கே யாரும் சொல்லித் தரப்போவதில்லை. அவர் தேர்வு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஒன்றே ஒன்று, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகள் பலவும் மேஜர் மார்க்கைத்தான் முதலில் பார்க்கும், அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பேத்தை மீன் தின்றால் நாக்கு மரத்துப்போகிறது என்கிறார்களே, அது ஏன்? நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடுமா?
- மண்டபம் வாசகர்

பதில்: போகாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது, தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். மேலே கணவாய்க் கதையில் சோடியம் என்று சொன்னேன் அல்லவா, நரம்பணுவுக்குள் அது நுழைகிற சின்ன வாசலில், கண்மாய் மடையை அடைத்த மாதிரி பேத்தையின் டெட்ரோடோடாக்சின் போய் உட்கார்ந்துகொள்கிறது. செய்தி ஓடாது. உதடு, நாக்கு மரத்துப்போய், கை கால் தளர்ந்து, மூச்சுத் தசை வரைக்கும் போகும், ஆளுக்கு நினைவு மட்டும் தெளிவாக இருக்கலாம். மாற்று மருந்து இல்லை, விஷம் இறங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். ஆகவே நாக்கு மரத்த உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மோர் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். நரம்பாராய்ச்சிக் கூடங்களில் இதே விஷத்தைத்தான் சோடியம் வாசலை மட்டும் தனியாக மூடிப் பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். கூம்புச் சங்கின் விஷமும் இப்படி ஆராய்ச்சிக்கு உதவுகிறது. ஒருவகைக் கூம்புச் சங்கிலிருந்து தெரிந்துகொண்ட சிகோனோடைடு என்ற வலி மருந்துக்கு அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது. அதற்காக உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம், கொட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் தர்காவுக்கு மனநலம் பாதித்தவர்களைத் தூரதூரத்திலிருந்து அழைத்து வருவார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நியூரோசயின்ஸ் மைனர் எடுத்தால் அவர்களுக்குச் சிகிச்சை கொடுக்க முடியுமா?
- ஒரு மாணவர், ஏர்வாடி

பதில்: முடியாது தம்பி. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அரைகுறைப் படிப்போடு சிகிச்சை கொடுக்கக் கிளம்புகிறவர்களால் இந்த நோயாளிகள் பட்ட பாடு போதும். மனநல மருத்துவர் ஆக வேண்டுமென்றால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் எம்.டி. சைக்கியாட்ரி. மருத்துவ உளவியலாளர் ஆகவேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். அதற்கெல்லாம் வசதியோ மார்க்கோ இல்லையென்றால் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மனநல நர்சிங் பக்கம் போகலாம், எம்.எஸ்.டபிள்யூ.வில் மனநலச் சமூகப்பணி எடுக்கலாம். இந்த இரண்டையும் ஏனோ யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. உங்கள் ஊர் மாதிரி இடத்தில் ஒரு நல்ல மனநல நர்ஸ் இருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு உதவி என்று நினைத்துப்பார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த 28 பேர் இறந்துபோனார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 2017-ம் வருட மனநலச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சட்டம் இருந்தும், மருந்தைப் பாதியில் நிறுத்தி, நோய் திரும்பி, மறுபடி அழைத்துக்கொண்டு வருகிற குடும்பங்களை நீ பார்த்திருப்பாய். நியூரோசயின்ஸ் படிப்பது இந்த இடத்தில்தான் உதவும். குளோர்புரோமசைன் என்ற மருந்தை 1952-லேயே மனநோய்க்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் அது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கொண்டுபோகிற செய்தியைத் தடுக்கிறது என்று புரிய அதற்குப் பின் பத்து வருடம் ஆனது. அப்படிப் புரிந்துகொண்ட ஒரு நர்ஸ் “மாத்திரையை ஏன் விடக் கூடாது” என்று நோயாளியின் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும். தர்காவில் துஆ செய்கிறார்கள் என்றால் செய்யட்டும், மாத்திரையும் போடட்டும், ஒன்றுக்கொன்று விரோதமில்லை. அப்புறம், இந்தப் படிப்பிடம் அதிகமாகவும் எதிர்பார்க்காதே. சீசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோயை ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்துகிற வழி இன்னும் வரவில்லை, மருத்துவர் பேசிப் பார்த்து, வீட்டாரிடம் கேட்டுத்தான் முடிவுக்கு வருகிறார். ஸ்கேன் எடுப்பது வேறு காரணம் ஏதும் இல்லையே என்று பார்க்கத்தான்.

கேள்வி: இயற்பியல் படித்துவிட்டு மூளை ஆராய்ச்சிக்குப் போக முடியுமா? எங்கே?
- தொண்டி வாசகி

பதில்: தாராளமாக. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் ஐ.ஐ.எஸ்ஸி., என்.சி.பி.எஸ்., நிம்ஹான்ஸ், எல்லாம் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. ஜீபில்ஸ் என்ற பொது நுழைவுத் தேர்வின் பெயரிலேயே பல்துறை உயிரறிவியல் என்று இருக்கிறது, இயற்பியல்காரர்களும் எழுதுகிறார்கள். சென்னையில் ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து 2024-ல் தரணி என்ற பெயரில் வெளியிட்டது. இலவசம், போனிலேயே திறந்து பார்க்கலாம். மைனர் கிடைக்காத கல்லூரியில் இருப்பவர்கள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் மூளை பற்றிய ஐ.ஐ.டி. பாடங்களைத் தேடிப் பாருங்கள். கேட்பதற்குக் காசில்லை, தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். அந்த மார்க்கைக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்களா என்பதை உங்கள் துறைத்தலைவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், தேர்வு முடிந்தபிறகு போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும்.