கேம்பர் டிரெய்லரில் ஊர் சுற்ற முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கேள்வி கேட்டவர் மெல்பர்னில் இருக்கிறார். ஆறு மாத விடுப்பில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவைச் சுற்ற ஒரு பழைய கேம்பர் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய்க் கூடாரமாக விரிக்கிற வண்டியை, பார்த்து வைத்திருக்கிறார். இதுவரை காருக்குப் பின்னால் எதையும் கட்டி இழுத்ததில்லை. வாங்கிய கையோடு, ஆள் நடமாட்டமே குறைந்த நல்லர்போர் சமவெளி வழியாகப் பெர்த் கிளம்பிவிடலாமா என்கிறார்.

வேண்டாம். முதல் மூன்று தடவை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் எங்காவது போய் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள். எதையாவது மறந்தாலும் உடைத்தாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். நாங்கள் முதலில் போனது ரோஸ்பட் கடற்கரைக்கு. கூடாரத்தை விரிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. விற்றவர் இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, ஐந்து வருடம் விரித்துப் பழகியவர். நமக்குத்தான் எந்தக் கம்பி எதற்கு என்று தெரியாது. நான்காவது பயணத்தில் நாங்களும் அரை மணிக்கு வந்துவிட்டோம். கம்பிகளில் வண்ண டேப் ஒட்டினது என் மனைவியின் யோசனை, பாதி நேரம் அதனாலேயே மிச்சம்.

எல்லாரும் ஓட்டுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். முன்னால் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். திருப்பத்தில் கொஞ்சம் அகலமாகச் சுற்ற வேண்டும், பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வேர்த்துக்கொட்ட வைத்தது எடை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரெய்லரின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று காலி எடை. இன்னொன்று சாமானோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது. இங்கே அதை ஏடிஎம் என்பார்கள், பணம் எடுக்கிற மெஷின் இல்லை. எங்களுடையது காலியாக 950 கிலோ, ஏடிஎம் 1400. ஆக 450 கிலோ ஏற்றலாம். நிறைய மாதிரிதான் தெரியும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ போயிற்று. இரண்டு காஸ் சிலிண்டர், பேட்டரி, ஃபிரிட்ஜ், படுக்கை, நான்கு பேர் துணி, 20 கிலோ அரிசி மூட்டை. பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 1320 வந்தது. வரம்புக்குள்தானே என்று நிம்மதியாக ஹால்ஸ் கேப் நோக்கிக் கிளம்பினோம்.

பல்லாரட் தாண்டி வேகம் 100 தொட்டதும் யாரோ வாலைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் காரின் பின்பக்கத்தையே இடமும் வலமும் இழுத்தது. கால் தானாகவே பிரேக்குக்குத்தான் போகும், மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எலக்ட்ரிக் பிரேக் இருந்தால், ஓட்டுநர் பக்கத்தில் உள்ள கன்ட்ரோலரைக் கையால் அழுத்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து அதை நேராக்கும். எனக்கு அந்த நேரத்தில் கன்ட்ரோலர் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. கடவுள் புண்ணியத்தில் எதிரே லாரி வரவில்லை.

காரணம் என்ன தெரியுமா? டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் டோ பால் மேல், அதாவது டிரெய்லரை மாட்டுகிற பின்பக்க இரும்புக் குண்டின் மேல், அழுத்த வேண்டும் என்பது இங்கே வழக்கத்தில் உள்ள கணக்கு. எங்களுக்கு 130 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். ஹால்ஸ் கேப் போகாமல் வீடு திரும்பி, குளியலறை எடை மெஷினை டிரெய்லரின் மூக்குக்குக் கீழே ஒரு கட்டையோடு வைத்துப் பார்த்தால் 62தான் காட்டியது. தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தது. அதோடு அரிசியையும் கருவிப் பெட்டியையும் நானே பின்கோடியில் அடுக்கியிருந்தேன். அவற்றை முன்பெட்டிக்கு மாற்றினோம். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தோம். அதற்குப் பிறகு ஆடவே இல்லை. உங்கள் காரின் டோ பால் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதையும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் அதற்கென்று தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பழையதை வாங்கும்போது அந்த பிரேக் உண்மையில் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மாட்டுவதில் ஒரு தந்திரம். டோ பால் மேல் உட்கார்ந்து கொக்கி விழுந்துவிட்டது போலவே இருக்கும், ஆனால் விழுந்திருக்காது. டிரெய்லரின் மூக்கைத் தாங்குகிற சின்னச் சக்கரமான ஜாக்கி வீலைக் கீழ்நோக்கிச் சுற்றிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. மூக்கு மட்டும் எழும்பினால் பிடிக்கவில்லை. மாட்டுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும், அந்த ஐந்து நிமிடம் அவரிடம் யாரும் பேசக் கூடாது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்: அப்பா சங்கிலி மாட்டும்போது கப்சிப்.

ரிவர்ஸ் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான ஸ்டேஷன் பார்க்கிங்கில் கற்றுக்கொண்டது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் கொஞ்சமாக. கோணம் மடங்க ஆரம்பித்தால் போராடாதீர்கள், முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேரவன் பார்க்கில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிற தாத்தாக்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அப்படி மடக்கியவர்கள்தான்.

கான்வாஸ் வேறு சங்கதி. புதுத் துணி என்றால் பயணத்துக்கு முன்பே விரித்துத் தண்ணீர் பீய்ச்சி நனைத்து முழுக்கக் காயவிட வேண்டும், இரண்டு மூன்று முறை. நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும், அதற்குப் பிறகுதான் ஒழுகாது. ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால் அடுத்த நாளே வீட்டில் விரித்துவிடுங்கள். நான் ஒரு வாரம் சோம்பேறித்தனம் பண்ணினேன். கரும்புள்ளி விழுந்தது இன்றைக்கும் போகவில்லை, படுத்தால் நேர் மேலே அதுதான் தெரியும்.

மின்சாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்க்கில் கிடைப்பது 15 ஆம்ப் இணைப்பு. அந்த பிளக்கின் எர்த் பின் அகலமானது, வீட்டின் சாதாரண 10 ஆம்ப் சாக்கெட்டில் நுழையாது. சிலர் அதை ராவி நுழைக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம். இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரிதான். சாதாரண 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். எங்கள் ஃபிரிட்ஜ் கோடையில் ஒரு நாளைக்கு 40 ஆம்ப்-அவர் வரை குடிக்கிறது. இரண்டு நாள் மேகம் மூடினால் சோலார் தகடு வெறும் அலங்காரம். ஆகவே மிக்ஸியை மறந்துவிடுங்கள். சட்னிக்கு ஒரு சின்னக் கல்லுரல் வைத்திருக்கிறோம். ஆமாம், எடைதான். அதில் மட்டும் வீட்டில் சமரசம் கிடையாது.

இட்லி மாவைக் காரில் கொண்டுபோகாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 38 டிகிரி வெயில், குண்டும் குழியுமான மண் ரோடு, மூடி இறுகிய டப்பா. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் குக்கர் விசில் விட்டபோது பக்கத்து இடத்திலிருந்த பெரியவர் காஸ் கசிகிறதோ என்று ஓடி வந்தார். சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எவ்வளவு குளிரடித்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இத்தனையும் பழகிய பிறகு, வாங்கிய பதினான்காம் மாதத்தில் நாங்கள் நல்லர்போர் போனோம். அப்போதும் ஒன்று மாட்டியது. கிளம்பும் முன் மெல்பர்னில் ஒரு பட்டறையில் சக்கர பியரிங்குகளுக்கு கிரீஸ் போட்டு வாங்கியிருந்தேன். நிற்கிற இடத்திலெல்லாம் சக்கரத்தின் நடுக்குமிழில் கை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். போர்ட் அகஸ்டாவில் வலதுபக்கம் வெதுவெதுப்பு, இடதுபக்கம் ஒரு நொடிகூடக் கை வைக்க முடியவில்லை. அளவுக்கு மீறி இறுக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கேயே ஒரு மெக்கானிக் மாற்றித் தந்தார், என் பெட்டியில் மாற்று பியரிங் இருந்ததால் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. செடுனாவுக்கு அப்பால் நடந்திருந்தால் வண்டி இழுத்துப்போக வருகிறவருக்காக ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்திருப்போம். செடுனாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1200 கிலோமீட்டர், நடுவே பெட்ரோலுக்கும் சோற்றுக்கும் ரோட்ஹவுஸ்கள்தான். தண்ணீரை அங்கே எதிர்பார்க்காதீர்கள், கொண்டுபோங்கள்.

மாநில எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. பழம், காய்கறி, தேன், செடி எதுவும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போகாது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். வீட்டுத் தொட்டியில் பறித்துப் போன கறிவேப்பிலைக் கொத்தை மனைவி தானே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். திரும்பி வரும்போது செடுனாவிலும் சோதனை உண்டு, ஆகவே அந்தப் பக்கம் காய்கறியை அளவாக வாங்குங்கள். எல்லையை ஒட்டிய யூக்ளா ஊரில் நேரம் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால் ஓடும். எங்கள் பையன் நான்கு கைக்கடிகார நேரம் எழுதி வைத்திருந்தான். கைகுனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு. அதைவிட, பல டிரெய்லர்களைத் தொடராக இழுத்துவரும் ரோட் ட்ரெயின் லாரிகள்தான் ஞாபகம் இருக்கிறது: எதிரே வந்து கடக்கும்போது முதலில் தள்ளும், அப்புறம் உறிஞ்சும். முன்பின் எடை சரியாக இருந்தால் ஒரு சின்ன அசைவோடு போய்விடும். மாலை மங்கினால் ஓட்டாதீர்கள், கங்காரு நேரம்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரை இந்த வாரமே போய்ப் பார்ப்பதானால் ஒரு வெள்ளைத் துணியும் எடைமேடைக்கான காசும் கொண்டுபோங்கள். துணியால் பின்கதவு ரப்பரின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். செம்புழுதி ஒட்டினால் ரப்பர் போய்விட்டது, விலையில் குறைத்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. எங்கள் தலையணைகள் இப்போதும் லேசான சிவப்புதான்.