இரும்புப் பெட்டியில் ஆம்ப்: சொக்கெட் பற்றிய உங்கள் கேள்விகள்

பழைய கம்பியூட்டர் பவர் சப்ளைப் பெட்டியில் ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) செய்தேன், அண்ணே. தனியாக ஓடினால் அமைதி. கம்பியூட்டரை இணைத்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். எர்த் பின்னைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா? (ஹட்டன்)

விடாதீர்கள். இன்றைக்கே எர்த்தைத் திரும்ப மாட்டுங்கள். 230 வோல்ட் வயர் என்றைக்காவது பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் பியூஸ் போகும் அல்லது ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் பெட்டியைத் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். மழைக்காலத்தில் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு ஓடித் திரியும் பிள்ளைகள் உள்ள வீடுகள் நம்முடையவை. பழைய லயன் வீடுகளில் சுவர் சொக்கெட்டுக்கே எர்த் வயர் வராததையும் பார்த்திருக்கிறேன். அதையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிப் பாருங்கள்.

இனி இரைச்சலுக்கு வருவோம். கம்பியூட்டரும் ஆம்பும் சுவரில் ஒரே எர்த்தில் சேருகின்றன. ஓடியோ வயரின் வெளிவலை அவற்றை இன்னொரு பக்கமும் சேர்க்கிறது. இப்படி ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் பாட்டோடு கலந்துவிடுகிறது. ஓடியோ வயரைச் செருகும் சாதாரண ஆர்.சி.ஏ. சொக்கெட்டின் வெளிவளையம் பெட்டித் தகட்டில் நேரே தொடுவதால் இது இன்னும் மோசமாகும்.

சொக்கெட்டைத் தகட்டில் படாமல் இன்சுலேட் பண்ணி, அதன் கிரவுண்டை (வெளிவளையத்தின் இணைப்பை) வயர் மூலம் ஆம்பின் சர்க்கிட் போர்டுக்கே கொண்டுபோங்கள். போர்டை பிளாஸ்டிக் கால்களில் நிறுத்துங்கள். பெட்டி நேராக எர்த்துக்கு. போர்டு கிரவுண்டிலிருந்து பெட்டிக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இணைப்பு, அதுவும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக. அந்த ரெசிஸ்டருக்கு இணையாக 25 அம்பியர் பிரிட்ஜ் டயோட் ஒன்று: அதன் பிளஸ், மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்து, ஏசி கால்கள் இரண்டையும் ரெசிஸ்டரின் இரு முனைகளில் பிடியுங்கள். கோளாறு வந்தால் பெரிய மின்னோட்டம் அதன் வழியே எர்த்துக்குப் போய்விடும். சொக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு, போர்டை ஸ்க்ரூ வழியாகத் தகட்டோடு தொடவிட்டால் பழைய இரைச்சல் அப்படியே இருக்கும்.

கடையில் இன்சுலேட் பண்ணிய ஆர்.சி.ஏ. சொக்கெட் கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? (தலவாக்கலை)

ஒன்றல்ல. கையில் எடுத்துப் பாருங்கள். தகட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வொஷர் வரவேண்டும். அதில் ஒன்றுக்குத் துளைக்குள் இறங்கும் கழுத்து இருக்கவேண்டும். கழுத்து இல்லாவிட்டால் மரை துளையின் ஓரத்தில் பட்டுவிடும். துளையைக் கழுத்தின் அளவுக்குப் போடுங்கள், மரையின் அளவுக்கு அல்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்கள் இருந்தால் ஒரு மல்டிமீற்றரையும் வாங்கி வரச் சொல்லுங்கள். சொக்கெட்டை மாட்டியதும், வயர் பிடிக்கும் முன்பே, மல்டிமீற்றரை பீப் சோதனையில் வைத்து, வெளிவளையத்துக்கும் பெட்டிக்கும் இடையே பீப் வருகிறதா பாருங்கள். வந்தால் கழற்றி மாட்டுங்கள். பல்லுள்ள வொஷரைப் போடாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும்.

அப்புறம், சோல்டர் பிடிக்கும்போது சொக்கெட்டில் ஒரு பழைய பிளக்கைச் செருகி வையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் நடுப்பின் சாயாது.

அந்த வொஷர் கிடைக்கவே இல்லை. வேறு வழி? (ஹப்புத்தளை)

பெட்டியில் பெரிய சதுரமாக வெட்டி, உள்பக்கம் செம்பு நீக்கிய வெற்றுப் போர்டுத் துண்டை நான்கு ஸ்க்ரூவில் பிடித்து, சொக்கெட்டுகளை அதில் மாட்டுங்கள். சொக்கெட் எங்கேயும் தகட்டில் படாது. எனக்கு வொஷரைவிட இதுதான் பிடிக்கும். ‘அனோடைஸ் பண்ணிய அலுமினியம்தானே’ என்று நம்பி விடாதீர்கள். அந்தப் பூச்சு ஒரு கீறலில் போய்விடும்.

ஸ்பீக்கர் பக்கத்துக்கும் இன்சுலேட் வேண்டுமா? கறுப்பு கிரவுண்ட்தானே? (பண்டாரவளை)

எல்லா ஆம்பிலும் கறுப்பு கிரவுண்ட் அல்ல. டிபிஏ3116, டிடிஏ7297 போன்ற ஆம்ப் ஐ.சி.கள் பிரிட்ஜ் முறையில் ஓடுபவை, சிவப்பு, கறுப்பு இரண்டிலும் உயிர் உண்டு. 24 வோல்ட் சப்ளையில் ஓடும் டிபிஏ3116 என்றால் இரண்டு முனையிலும் கிரவுண்டிலிருந்து ஏறக்குறைய 12 வோல்ட் நிற்கும். கறுப்பு முனை பெட்டியில் பட்டால் ஷோர்ட்தான். இடது வலது கறுப்புகளையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நான்கு முனைகளும் முழுப் பிளாஸ்டிக் உடலோடு இருக்கட்டும்.

கோயில் திருவிழாவுக்கு மைக் சொக்கெட்? (நுவரெலியா)

6.35 மில்லிமீற்றர், பிளாஸ்டிக் உடலுள்ளதை வாங்குங்கள், வேறு வொஷர் தேவையில்லை. நட்டும் பிளாஸ்டிக்கா என்று மட்டும் பாருங்கள். ரேடியோ சத்தம் நுழைந்தால் சொக்கெட்டின் கிரவுண்டிலிருந்து பெட்டிக்கு 10 நானோபரட் செராமிக் கண்டென்சர் ஒன்றைக் கால்களைக் குட்டையாக வெட்டிப் பிடியுங்கள். பனிமூட்டத்தில் பிளக் கரகரத்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு செருகுங்கள்.